ஆர்க்கா, பி.எல்.சி.யா: லிவிங்ஸ்டன் கவுண்டியில் 160 ஏக்கருக்குப் போட்ட கணக்கு

இல்லினாயில் புளூமிங்டனிலிருந்து ஐ-55 நெடுஞ்சாலையில் வடக்கே போனால், லெக்சிங்டன், சினோவா என்று சின்னச் சின்ன ஊர்கள் வரும். சினோவாவைத் தாண்டினால் மெக்லீன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முடிந்து லிவிங்ஸ்டன் கவுண்டி ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளமும் சோயாவும்தான். மண் அப்படி ஒரு கறுப்பு. எங்களைப் போல ஐ.டி. வேலைக்காக இந்தப் பக்கம் வந்து குடியேறிய தமிழர்கள் வருஷக்கணக்காக அந்த வயல்களைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. நானும் அப்படித்தான் இருந்தேன், என்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மா ஒருநாள் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கும் வரை.

அவருடைய அப்பா இறந்து 160 ஏக்கர் இவர் பெயருக்கு வந்திருக்கிறது. அப்பா காலத்திலிருந்தே பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் அதை வாரத்துக்கு உழுகிறார். பாதிக்குப் பாதி வாரம்: விதை, உரச் செலவில் பாதி இவருடையது, விளைச்சலில் பாதியும் இவருடையது. அதனால் அரசு மானியத்திலும் பாதி இவருக்கு. கூடவே ஒரு வேலையும் வருகிறது. மானியம் வருவது இரண்டு அரசுத் திட்டங்கள் வழியாக: வருமானம் குறைந்தால் கைகொடுக்கும் ஆர்க் (ARC), விலை விழுந்தால் கைகொடுக்கும் பி.எல்.சி. (PLC). 2026 பயிருக்கு இதில் எது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். "நீங்கள் கணக்கு நன்றாகப் போடுவீர்களே" என்று என்னிடம் வந்தார். இரண்டு வாரம் எனக்கு அதே வேலையாகப் போனது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மூர் பி.எம். கிசான் மாதிரி, விலை ஏறினாலும் இறங்கினாலும் வருஷத்துக்கு 6,000 ரூபாய் என்று நேராக வந்து விழும் பணம் இல்லை இது. அமெரிக்காவிலும் அப்படி ஒன்று இருந்தது. நேரடிப் பணம் என்பார்கள். மக்காச்சோளத்துக்குப் புஷலுக்கு (தானியம் அளக்கும் அமெரிக்க அளவு) 28 சென்ட், விலை வானத்தில் இருந்தாலும் வந்துவிடும். 2012-இல் சோளம் புஷல் 6.89 டாலருக்கு விற்றபோதும் அந்த 28 சென்ட் போய்க்கொண்டிருந்தது. பார்ப்பவர்களுக்கு வயிறு எரியாதா? 2014 பண்ணைச் சட்டம் அதை நிறுத்திவிட்டு இந்த இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து விவசாயி தேர்ந்தெடுக்க வேண்டும்.

பி.எல்.சி. என்பது விலைக்கு மட்டும். சட்டம் ஒரு ஆதார விலையை வைத்திருக்கிறது. அறுவடைக்குப் பின் வரும் செப்டம்பர் முதல் ஆகஸ்ட் வரையிலான பன்னிரண்டு மாதச் சந்தை ஆண்டில் நாடு முழுவதும் கிடைத்த சராசரி விலை அதற்குக் கீழே போனால், வித்தியாசத்தைத் தருவார்கள். உங்கள் வயலில் எவ்வளவு விளைந்தது, கவுண்டியில் எவ்வளவு விளைந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆர்க், அதாவது கவுண்டி ஆர்க், வருமானத்துக்கு. கவுண்டியின் வழக்கமான விளைச்சலை வழக்கமான விலையால் பெருக்கி ஒரு அளவுகோல் போடுவார்கள். அந்த வருஷம் கவுண்டியின் வருமானம் அதில் 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பணம் வரும். ஆனால் அளவுகோலில் 12 விழுக்காட்டுக்கு மேல் ஒரு சென்ட்கூடக் கிடையாது. வருமானம் 78 விழுக்காட்டுக்குக் கீழே விழுந்தால், அதற்கப்புறம் எவ்வளவு விழுந்தாலும் அதே தொகைதான்.

ஆர்க்கில் இன்னொரு வகையும் இருக்கிறது, கவுண்டிக்குப் பதில் உங்கள் பண்ணையின் சொந்த விளைச்சலைப் பார்ப்பது. அதில் அடிப்படை ஏக்கரில் (மானியத்துக்கென்று பதிவான ஏக்கர்) 65 விழுக்காட்டுக்குத்தான் பணம், மற்ற இரண்டிலும் 85. வெகு சிலரே எடுக்கிறார்கள். நாங்களும் ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட்டோம்.

இனி அந்தத் தாள். பண்ணைச் சேவை முகமை தரும் தாள், 156-ஈ.இசட். என்று பெயர். பண்ணைக்கு ஜாதகம் மாதிரி. அவருடைய தாளில் மக்காச்சோளத்துக்கு அடிப்படை ஏக்கர் 90, சோயாவுக்கு 58 என்று இருந்தது. பக்கத்திலேயே பி.எல்.சி. விளைச்சல்: சோளத்துக்கு 150 புஷல், சோயாவுக்கு 45. அந்த அம்மா குழம்பிப்போனார். "போன வருஷம் எண்பது ஏக்கரில்தானே சோளம் போட்டோம்? ஏக்கருக்கு 210 வந்ததே, இங்கே 150 என்று இருக்கிறதே?" என்றார்.

இதில் சறுக்காதவர்கள் குறைவு. மானியம் இந்த வருஷம் நட்ட ஏக்கருக்கு வருவதில்லை, என்றோ ஒரு காலத்தில் பதிவான அடிப்படை ஏக்கருக்கு வருகிறது. முழு நிலத்திலும் சோயா போட்டாலும் 90 ஏக்கர் சோளத்துக்கான பணம் சோளத்தின் விலையைப் பார்த்து வந்துகொண்டே இருக்கும். பி.எல்.சி. விளைச்சலும் அப்படித்தான், பழைய காலத்து எண்ணாக உறைந்து கிடக்கிறது. ஆர்க் அப்படியில்லை. அது கவுண்டியின் அண்மை ஐந்தாண்டு விளைச்சலை எடுத்துக்கொள்கிறது. பி.எல்.சி. ஒரு ஏக்கரை 150 புஷலாகப் பார்க்கும்போது ஆர்க் அதே ஏக்கரை 200 புஷலாகப் பார்க்கிறது. எதை எடுப்பது என்பதில் பாதி முடிவு இங்கேயே இருக்கிறது. ஆளாளுக்கு விலை ஏறுமா இறங்குமா என்று வாதாடுகிறார்கள், இந்தத் தாளைப் பார்ப்பவர்கள் குறைவு.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இரண்டு திட்டங்களையும் தாராளமாக்கியது. சோளத்தின் ஆதார விலை 3.70 டாலரிலிருந்து 4.10 ஆனது. சோயாவுக்கு 8.40 டாலராக இருந்தது 10.00 ஆனது. ஆர்க்கின் உத்தரவாதம் 86 விழுக்காட்டிலிருந்து 90-க்கு ஏறியது, உச்சவரம்பு 10-லிருந்து 12-க்கு. 2025 பயிருக்கு மட்டும், நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இரண்டில் எது அதிகமோ அது தானாக வரும். 2026-இலிருந்து மறுபடி நம் தலையில்.

ஆதார விலைக்கு மேலே இன்னொரு ஏணி உண்டு. ஐந்து வருஷ விலைகளில் பெரியதையும் சிறியதையும் தள்ளி, மிச்ச மூன்றின் சராசரியில் 88 விழுக்காடு ஆதார விலையைவிட அதிகமாக இருந்தால், அந்த எண்ணே நடைமுறை ஆதார விலை. ஆனால் சட்ட விலையைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. சோளத்துக்கு 2020 முதல் 2024 வரை விலைகள் 4.53, 6.00, 6.54, 4.55, 4.24. நடு மூன்றின் சராசரி 5.03. அதில் 88 விழுக்காடு 4.42. ஆக பி.எல்.சி. 4.42-இல் தொடங்கும். ஆர்க்கின் அளவுகோல் விலை அதே 5.03. அதில் 90 விழுக்காடு 4.53. கவுண்டியில் வழக்கமான விளைச்சல் வந்தால், ஆர்க் 4.53-லேயே பணம் தர ஆரம்பித்துவிடும்.

இனி கவுண்டியின் அளவுகோல் விளைச்சல் 200 என்று வைத்துக்கொண்டு ஏக்கருக்குக் கணக்குப் பார்ப்போம். விலை 4.00, விளைச்சல் அதே 200. ஆர்க்கின் உத்தரவாதம் சுமார் 905 டாலர், கவுண்டி வருமானம் 800. வித்தியாசம் 105, அதில் 85 விழுக்காடு, சுமார் 90 டாலர். பி.எல்.சி.யில் 42 சென்ட்டை 150-ஆல் பெருக்கி 85 விழுக்காடு எடுத்தால் 54 டாலர். ஆர்க் நன்றாகவே முந்துகிறது. விலை 3.50-க்குச் சரிந்தால் ஆர்க் தன் உச்சவரம்பில் முட்டி 103 டாலரில் நின்றுவிடும். பி.எல்.சி. 117 தரும். சராசரி விளைச்சலில் இரண்டும் சமமாகும் இடம் 3.62 டாலர். விலை அதற்குக் கீழே போனால்தான் பி.எல்.சி. ஜெயிக்கும்.

இதோடு முடிந்திருந்தால் ஆர்க் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் கவுண்டி விளைச்சல் 225 ஆனால் என்ன? விலை அதே 4.00 என்றால் வருமானம் 900. உத்தரவாதத்துக்கு ஐந்து டாலர்தான் குறைவு. ஆர்க் ஐந்து டாலர்கூடத் தராது, பி.எல்.சி. அதே 54-ஐத் தரும். எங்கே மாறுகிறது என்று தேடினால், 4.00 டாலர் விலையில் கவுண்டி விளைச்சல் 210-ஐத் தாண்டும்போது. அளவுகோலைவிட ஐந்து விழுக்காடு அதிகம், அவ்வளவுதான். அந்தப் பத்துப் புஷல்தான் முழுச் சண்டையும்.

வாரக்காரரும் இதைத்தான் சொல்கிறார், வேறு வார்த்தையில். சனிக்கிழமை அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். காபி, நான் கொண்டுபோன முறுக்கு, ஜன்னலுக்கு வெளியே தானியக் குதிர்கள். அவர் என் தாளைப் பார்த்தார். "இங்கே நன்றாக விளைந்தால்தான் விலை விழும். இங்கே விளையாவிட்டால் விலை ஏறும். உங்கள் கணக்கில் விலையும் விளைச்சலும் ஒன்றுக்கொன்று தெரியாதவர்கள் மாதிரி இருக்கிறதே" என்றார்.

சரியான அடி. வீட்டுக்கு வந்து பார்த்தேன். 2012 பெரும் வறட்சி: இல்லினாய் மாநிலச் சராசரி ஏக்கருக்கு 105 புஷல், விலை 6.89. பெருக்கினால் 723 டாலர். 2014 அமோக வருஷம்: சராசரி 200 புஷல், விலை 3.70. பெருக்கினால் 740. ஒன்று சாவு வீடு, மற்றொன்று கல்யாண வீடு, ஆனால் ஏக்கர் வருமானம் கிட்டத்தட்ட ஒன்று! சோளத்தின் நடு மையத்தில் இருக்கிற மாநிலத்துக்கு இயற்கையே ஒரு காப்பீடு கொடுத்து வைத்திருக்கிறது. அந்தக் காப்பீடு இருக்கும் இடத்தில் வருமானத்தைப் பார்க்கும் ஆர்க்குக்கு வேலை குறைகிறது. ஓரத்தில் இருக்கும் மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே பயிர் கருகினாலும் இல்லினாயில் விளைந்துவிட்டால் விலை ஏறாது. அவர்களுக்கு ஆர்க் நிஜமான துணை.

வாரக்காரருக்கு ஆர்க் மேல் இன்னொரு பழைய கசப்பும் இருக்கிறது. 2014 பயிரிலிருந்து எடுத்த முடிவு ஐந்து வருஷத்துக்கு மாற்ற முடியாதது. நாட்டின் சோள அடிப்படை ஏக்கரில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் ஆர்க்குக்குப் போனது, இவருடையதும்தான். காரணம் எளிது. அப்போதைய அளவுகோல் விலை 5.29. முதல் வருஷம் சந்தை விலை சரியாக 3.70-இல் வந்து நின்றது, பி.எல்.சி. ஒரு சென்ட் தரவில்லை. ஆர்க் எடுத்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் நல்ல விலை வருஷங்கள் ஒவ்வொன்றாகச் சராசரியிலிருந்து உதிர்ந்தன. அளவுகோல் 2016-இல் 4.79, 2017-இல் 3.95, 2018-இல் 3.70. விலை 3.36-இல் கிடந்த 2017-இல், சராசரியாக விளைந்த கவுண்டிக்கு ஆர்க்கிலிருந்து புஷலுக்குச் சுமார் நாலு சென்ட்தான். பி.எல்.சி. எடுத்திருந்தால் புஷலுக்கு 34 சென்ட். "ஏணியில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிட்டார்கள்" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஆர்க் மோசம் என்று அவர் எடுத்துக்கொண்டார். மோசமாக இருந்தது ஐந்து வருஷப் பூட்டு. 2021 முதல் ஒவ்வொரு வருஷமும் மாற்றிக்கொள்ளலாம். அளவுகோல் இறங்கும் படி முன்கூட்டியே தெரிகிறது, அந்தப் படி வருவதற்கு முன்னால் இறங்கிவிட்டால் போயிற்று. அடுத்த படி எங்கே என்றும் கணக்குப் போடலாம். 2021-இன் 6 டாலர் சராசரிக்குள் இருக்கும் வரை அளவுகோல் 5 டாலருக்கு அருகில் நிற்கும். விலை இப்படியே கீழே கிடந்தால் 2028-இல் அந்த 6 டாலர் வெளியே போகும், அளவுகோல் சுமார் நாலரைக்கு வரும். அதில் 90 விழுக்காடு 4 டாலர் சொச்சம். பி.எல்.சி.யோ சட்டம் கட்டிய 4.10-க்குக் கீழே போகாது. அன்று பி.எல்.சி. முந்திக்கொள்ளும். ஆக 2026, 2027 இரண்டுக்கும் ஆர்க், 2028-இல் மறுபடி உட்கார்ந்து பார்ப்பது. இது என் முடிவு.

கவுண்டி எல்லை விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஆர்க் கவுண்டிக் கணக்கு என்பதால், ஒரு சாலையின் வடபக்க வயலுக்குப் பணம் வரும், தென்பக்க வயலுக்கு வராது. மண் ஒன்று, மழை ஒன்று, சில சமயம் உழுபவரும் ஒருவரே. உங்கள் வயலில் ஆலங்கட்டி விழுந்து நாசமானாலும் கவுண்டி நன்றாக விளைந்திருந்தால் ஆர்க் கண்ணை மூடிக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொள்வது பயிர்க் காப்பீட்டின் வேலை. முன்பு பி.எல்.சி. எடுத்தவர்களுக்கு மட்டும் எஸ்.சி.ஓ. என்ற கூடுதல் காப்பீடு கிடைத்தது. புதிய சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டதால், பி.எல்.சி. பக்கம் இருந்த ஒரு கவர்ச்சி போய்விட்டது. காப்பீட்டு முடிவுக்கு மார்ச் 15 கெடு, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சோயா? அங்கே சண்டையே வரவில்லை. ஆர்க் 10.95-இல் தொடங்குகிறது, பி.எல்.சி. 10.71-இல். அளவுகோல் விளைச்சல் 60, பி.எல்.சி. விளைச்சல் 45. சராசரி விளைச்சலில் விலை 8.75 வரை இறங்கினால்தான் பி.எல்.சி. முந்தும். ஆர்க் என்று வாரக்காரரே சொல்லிவிட்டார். பயிருக்குப் பயிர் வேறு வேறாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நடுவில் அந்த அம்மா இன்னொரு வழி கேட்டார். "வாரத்தை விட்டுவிட்டு ரொக்கக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?" உண்மைதான். ரொக்கக் குத்தகை என்றால் மானியம் முழுவதும் உழுபவருக்கு, கையெழுத்தும் அவருடையது. இந்தப் பக்கம் நல்ல நிலத்துக்கு ஏக்கருக்கு 300 டாலருக்கு மேல் போகிறது. மானியம் உழுபவருக்குப் போனாலும் ஒரு பங்கு குத்தகைத் தொகையாக நிலக்காரரிடமே திரும்பி வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆனால் விலை விழும் நேரத்தில் பாரம் முழுவதையும் உழுபவர் தலையில் இறக்கிவிட்டு விலக அவருக்கு மனசு வரவில்லை. அப்பா வைத்த ஏற்பாடு வேறு.

எவ்வளவு பணத்துக்கு இவ்வளவு மண்டை உடைப்பு என்று கேட்பீர்கள். 4.00 டாலர், 200 புஷல் கணக்கில் 90 சோள ஏக்கருக்கு ஆர்க் சுமார் 8,060 டாலர், பி.எல்.சி. சுமார் 4,820. இவர் பங்கில் பாதி வித்தியாசம் 1,600 டாலர். அதிலும் 5.7 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். ஆளுக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் இருக்கும் உச்சவரம்பெல்லாம் இவருக்கு எட்டாத தூரம். அதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர்காரர்கள். 2026 அறுவடைக்கான இந்தப் பணம் கைக்கு வருவது 2027 அக்டோபரில். விதைக்கடனுக்கு உதவும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

இதற்கிடையில் எந்தத் தேர்வும் இல்லாமல் வந்து விழும் பணமும் உண்டு. 2018 வர்த்தகச் சண்டையின்போது சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர் கொடுத்தார்கள், சோளத்துக்கு ஒரே ஒரு சென்ட். வாரக்காரர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். 2025-இல் வந்த அவசர உதவி சோளத்துக்கு ஏக்கருக்கு 42.91 டாலர். அவற்றையும் சேர்த்தால், எங்கள் இரண்டு வாரக் கணக்கு மொத்தப் படத்தில் ஒரு மூலைதான்.

கடைசியில் சோயா ஆர்க், சோளம் பி.எல்.சி. என்று முடிந்தது. சோளத்துக்கு நான் ஆர்க் என்றேன், வாரக்காரர் பி.எல்.சி. என்றார். இருவரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் போன வருஷத் தேர்வே தொடரும், அதுவும் பி.எல்.சி.தான். அந்த அம்மா என் தாளையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷமாக இவர் உழுகிறார்" என்றார் என்னிடம். வாரக்காரர் மிச்சமிருந்த முறுக்கை எடுத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய விதைக் கம்பெனி காலண்டரில் பென்சிலால் "2028, சோளம், மறுபடி பார்" என்று எழுதினார். அது இந்த வருஷக் காலண்டர். டிசம்பரில் கிழிபடப் போகிறது என்று நான் சொல்லவில்லை.